துக்கடாவாகிப்போன காவடிச் சிந்து

டீப் பர்ப்பிள் ராக் குழுவின் 1972ஆம் ஆண்டுப் பாட்டான ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ ஒரு வரிகூடத் தெரியாதவரையும் கிட்டார் மெட்டாலேயே பிடித்துவிடும். தென்காசிச் சீமையில் அந்த ஈர்ப்பு, கழுகுமலை முருகன்மேல் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச் சிந்துக்கு உண்டு. ஊற்றுமலை ஜமீன் ஆதரித்த கவிஞர்தான்; ஆனாலும் பாட்டு அரண்மனைக்கு அடங்கியதல்ல. தோளில் காவடி ஏந்தியவனின் அடிவைப்புக்கு அளந்து, அடுக்கடுக்காக இயைபு விழுகிறது. கச்சேரிகளிலோ இது கடைசித் துக்கடா. மேடை இல்லாவிட்டால் பட்டணத்துக்கு எட்டியிருக்காதே என்பார்கள், வாஸ்தவம்தான். ஆனால் யாரும் எழுந்து ஆடாத சபையில் பாதிப் பாட்டுதான் காதில் விழும். வெறும் தாளம், இலக்கியமில்லை என்பவர்கள் திரிகூடராசப்பக் கவிராயரைப் புரட்டட்டும்: அவருடைய குற்றாலக் குறவஞ்சியிலேயே சிந்து துள்ளுகிறது. 30 வயதுக்குள் மறைந்த ரெட்டியார் அந்தத் துள்ளலைத் தெருவுக்கு இறக்கினார்.