முதல்நன்மைக்கு எத்தனை ரூபா?

எங்கள் நண்பி ஒருத்தியின் தம்பிக்குப் போன மாதம் முதல்நன்மை நடக்கவேண்டியிருந்தது. நடக்கவில்லை. பெடியன் ஒரு வருசமாக மறைக்கல்வி வகுப்புக்குத் தவறாமல் போனவன், செபமெல்லாம் பாடம். ‘அடுத்த வருசம் பாப்பம்’ எண்டு அம்மா சொல்லிப்போட்டார். கோட்சூட், வீடியோவுக்கு ஆளுக்கு இவ்வளவு எண்டு பிரித்த காசு, மத்தியானச் சாப்பாடு, இதோடு கட்டாமல் கிடந்த ஆலயச் சந்தா. சந்தா நிலுவையை முடித்துவிட்டுத்தான் பெயர் பதியவேண்டுமாம். நுண்கடன் கட்டிக்கொண்டிருக்கிற வீடு அது. எங்கே போவார்கள்?

கேட்டவுடன் எங்களுக்குப் பங்குத்தந்தையில்தான் கோபம் வந்தது. ஆனால் எங்களுடைய முதல்நன்மை அல்பங்களும் வீட்டு ஷோகேஸில் இன்னும் இருக்கின்றனவே. அந்தச் செலவுப் போட்டியை எங்கள் வீடுகளும் சேர்ந்துதான் வளர்த்தன.

கண்ணுக்குத் தெரியாத அருளுக்குக் கண்ணுக்குத் தெரிகிற அடையாளம்தான் திருவருட்சாதனம் எண்டு படித்தோம். இப்போது கண்ணுக்குத் தெரிகிறது மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஞானஸ்நானம் பாடசாலை அனுமதிக்கு ஒரு பத்திரம். உறுதிப்பூசுதல் கலியாணத்துக்கு முதல் முடிக்கவேண்டிய அலுவல். நோயில்பூசுதலை ‘அவஸ்தை’ எண்டு பயந்து, ஆள் நினைவு தப்பின பிறகுதான் சுவாமியைக் கூப்பிடுகிறோம். அது சாகப்போகிறவருக்கு மட்டும் உரியதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இலேயே சொல்லிவிட்டது.

முதல்நன்மையின் கதை இன்னும் மோசம். முந்தி பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயது தாண்டும்வரை பிள்ளைகளைக் காக்கவைத்தார்கள். 1910 இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் அதை மாற்றினார். ஏழு வயதளவில், நற்கருணை அப்பம் சாதாரண அப்பமல்ல என்று விளங்கினால் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்றார். அவர் பிரித்த வேலியை நாங்கள் ரெயிலர் கடையில் திரும்பவும் அடைத்து வைத்திருக்கிறோம்.

சட்டமும் எங்கள் பக்கம்தான். 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 848 ஆவது சட்டம், விதித்த காணிக்கைக்கு மேல் எதுவும் கேட்கக்கூடாது என்றும், வறுமையால் ஒருவரும் திருவருட்சாதனங்களை இழக்காமல் பார்க்கவேண்டும் என்றும் சொல்கிறது. சந்தாக் கொப்பியைத் தூக்குகிறவர்கள் ஒருக்கால் அதையும் தூக்கிப் பார்க்கலாம். பவுல் கொரிந்து சபையோடு சண்டை பிடித்ததும் இதற்காகத்தான்: ஆண்டவருடைய பந்தியில் இருக்கிறவன் வயிறு நிறைய உண்ண, இல்லாதவன் பசியோடு இருந்தான்.

எங்கள் மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687 இல், யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலையில் ஒளிந்திருந்து இரவோடு இரவாக வீடுகளில் பூசை வைத்தார். 2015 இல் காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது நாங்களெல்லாம் கைதட்டினோம்.

‘எல்லாத்தையும் இழந்த சனம், ஒரு கொண்டாட்டமும் வேண்டாமோ?’ எண்டு கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கொண்டாட்டம் வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கடன்பட்டு நடத்தினதுக்கு அடுத்த மாதம் வட்டி கட்டுறது ஆர்? இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் வெள்ளைச் சீருடை இருக்கும். அதைத் தோய்த்து ஸ்திரிபோட்டு உடுத்தால் காணும். பூசை முடிய ஆலய முற்றத்தில் எல்லா வீடும் சேர்ந்து ஒரே பானையில் சோறு சமைக்கலாம். கமெராக்காரருக்கு அன்றைக்கு லீவு.

இதையெல்லாம் கடிதமாக எழுதிப் பங்குச்சபைக்குக் கொடுத்திருக்கிறோம். சந்தா கட்டாத வீட்டுப் பிள்ளைக்கும் முதல்நன்மை உண்டு என்று ஞாயிறு பூசையில் அறிவித்தல் வாசிக்கவேண்டும் என்பதுதான் அதில் முதலாவது கோரிக்கை. பெடியனின் பெயரையும் அடுத்த வருசம் வரைக்கும் வைத்திராமல் இப்பவே பதியச் சொல்லியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.