ஜபல் அலியிலிருந்து போன கப்பல்

சென்ற மாதம் விடுமுறை நாளொன்றில் நாம் நான்கு குடும்பங்கள் சேர்ந்து டுபாய் மம்சார் கடற்கரைக்குப் போயிருந்தோம். இடியப்பம், சம்பல், சொதி எல்லாம் கட்டிக்கொண்டு போனோம். சாப்பிட்டு முடிந்து பார்த்தால் பாய்க்குப் பக்கத்தில் ஒரு குப்பைக் கும்பி: பொலித்தீன் பைகள், பிளாஸ்டிக் கரண்டிகள், தண்ணீர்ப் போத்தல்கள். காற்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடலில் போட்டது. எழும்பி ஓடப்போன என்னை, புதிதாக வந்திருந்த தம்பி ஒருவர் மறித்தார். "விடுங்கோ அண்ணை, இது இவையின்ர கடல்தானே."

அந்தச் சொல் மனதில் முள்ளாகக் கிடந்தபடியால்தான் இம்முறை இதை எழுதுகிறேன்.

2021 இல் கொழும்புக்கு வெளியே எரிந்த 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' கப்பலை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அது எங்கிருந்து போனது என்பது பலருக்குத் தெரியாது. எங்களில் எத்தனையோ பேர் வேலைக்குப் போய்வருகின்ற ஜபல் அலித் துறைமுகத்தில்தான் நைத்திரிக் அமிலம் நிரப்பிய கொள்கலன் ஒன்று அதில் ஏறியது. வழியில் அது கசியத் தொடங்கியது. கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும், பின்னர் குஜராத்தின் ஹசீராவிலும் அதை இறக்கக் கேட்டார்கள், இரண்டிடத்திலும் சரிவரவில்லை. கசிந்த கொள்கலனோடேயே கப்பல் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. மே 20 ஆம் திகதி தீப்பிடித்தது. நாட்கணக்காக எரிந்து, ஜூன் 2 ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது மூழ்கத் தொடங்கியது.

அமிலத்தை விடக் கொடுமை, அதே கப்பலில் இருந்த பிளாஸ்டிக் மணிகள். பருப்பளவு மணிகள், இவற்றை உருக்கித்தான் வாளி, போத்தல், பை எல்லாம் செய்கிறார்கள். சுமார் 1,680 தொன். கடலில் பிளாஸ்டிக் மணிகள் கொட்டிய சம்பவங்களில் உலகிலேயே பெரியது இதுதான். நீர்கொழும்புப் பக்கக் கரைகள் ஆனையிறவு உப்பளம் போல வெள்ளையாகக் கிடந்தன. மீன்பிடி தடைப்பட்டது. அதன்பின் 400க்கும் மேற்பட்ட கடலாமைகள் இறந்து கரையொதுங்கின. நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டும்படி இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 ஜூலையில்தான். அந்த நான்கு வருடமும் வலைக்காரன் வீட்டில் எப்படி அடுப்பெரிந்திருக்கும் என்பதை எம்மவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இங்குள்ள கடலும் தப்பவில்லை. கல்பா, கோர்பக்கான் பக்கத்தில் இறந்து ஒதுங்கிய ஆமைகளைப் பற்றிய ஆய்வொன்று 2021 இல் வெளிவந்தது. பச்சை ஆமைகளில் 75 வீதமானவற்றின் வயிற்றில் கடற்குப்பை, அதிலும் பெரும்பாலும் பிளாஸ்டிக். தண்ணீருக்குள் மிதக்கும் பை ஆமையின் கண்ணுக்குச் சொறிமுட்டை போலத் தெரிகிறதாம். எங்கள் மன்னார்க் கடலில் அருகிவிட்ட கடற்பசு அபுதாபிக் கடலில் ஏறத்தாழ 3,000 இருக்கின்றது. அது மேய்கின்ற கடற்புல்லுக்கு மேலேதான் எமது பைகளும் போகின்றன.

புதிதாக வந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் பை 2024 ஜனவரி 1 தொடக்கம் அமீரகத்தில் தடை. டுபாயில் அதே வருடம் ஜூனிலிருந்து இலவசக் கடதாசிப் பையும் இல்லை. பிளாஸ்டிக் கோப்பை, தட்டு, கரண்டிக்கான தடை 2026 ஜனவரி 1 தொடக்கம். ஓமானில் பைத்தடை 2021 இலேயே வந்துவிட்டது. இப்போது கடைகளில் விற்கும் தடித்த பைகளை ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கி, குசினி அலுமாரிக்குள் நாற்பது ஐம்பது சேர்த்து வைப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை. (எங்கள் வீட்டு அலுமாரியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.) ஊரில் சந்தைக்குக் கொண்டுபோன உமல் ஞாபகமிருக்கிறதா? அதைப்போல ஒன்றிரண்டு துணிப்பை தைத்து வாகனத்தில் போட்டுவிடுங்கள். கடற்கரைக்குத் தூக்குச்சட்டியும் எவர்சில்வர் தட்டும் கொண்டு போனால் கழுவுகிற வேலை ஒன்றுதான் மிச்சம்.

மம்சாரில் என்னை மறித்த தம்பிக்கு மன்னார்க் கரை. 2025 மே மாதம் கேரளக் கடலில் இன்னொரு கப்பல் மூழ்கி, அதன் மணிகள் கன்னியாகுமரியிலும், பிறகு ஜூனில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஒதுங்கியதைச் சொன்னேன். நம்பாமல் அன்றிரவே தகப்பனாருக்குத் தொலைபேசி எடுத்தார். மறுநாள் என்னிடம் வந்து, அவர் சொன்னதை அப்படியே சொன்னார்: "ஓம் தம்பி, வந்தது. என்ன சாமான் எண்டு தெரியாமல் பிள்ளையள் சிரட்டையில அள்ளி வைச்சு விளையாடினதுகள்."