கிளினிக் கொப்பியில் பரியாரியாருக்கும் ஒரு பக்கம்

தொண்டைமானாற்றில் இங்கிலிஸ் வைத்தியமும் தமிழ் வைத்தியமும் இணைய வேண்டுமா என்று கேட்பது காலம் கடந்த கேள்வி. அவை இணைந்து வெகுகாலமாகிறது. இணைத்தவர் அமைச்சரோ பேராசிரியரோ அல்ல, நோயாளி. மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையின் கிளினிக்கில் பிரஷருக்குக் குளிசை எடுப்பவரே முழங்கால் உளைவுக்குப் பரியாரியாரிடம் எண்ணெய் வாங்குகிறார். தடிமன் பிடித்தால் வீட்டில் கொத்தமல்லி அவிகிறது. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் விடாவிட்டால் செல்வச்சந்நிதியானுக்கு நேர்த்தி வைத்துத் திருநீறு பூசிவிட்டு, அதே கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். இவற்றுக்கு இடையில் ஒரு முரண் இருப்பதாக அங்கு யாரும் நினைப்பதில்லை. நினைக்கவும் தேவையில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கிளினிக் டொக்டருக்கு அந்தக் குடிநீரைப் பற்றித் தெரியாது. பரியாரியாருக்கு அந்தக் குளிசைகளின் பெயர் தெரியாது. இரண்டும் ஒரே ஈரலிலும் ஒரே சிறுநீரகத்திலும் போய்ச் சேர்கின்றன என்பது தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் நோயாளி. அவரோ, ஏச்சு விழும் என்ற பயத்தில் இரண்டு இடத்திலும் பாதியை மறைக்கிறார். ஒருங்கிணைந்த வைத்தியம் என்று மேடைகளில் சொல்லப்படுவது, இந்த மறைப்பு நீங்காதவரை வெறும் பெயர்ப்பலகைதான்.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிய பேச்சும் அல்ல. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அங்காதிபாதம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் என்று பாடநூல்களை ஒவ்வொன்றாகத் தமிழில் கொண்டுவந்தார். தமிழ் வைத்தியத்தின் எல்லாவற்றையும் அவர் ஏற்றார் என்று சொல்ல முடியாது. மிஷன்காரர், தன் வைத்தியமே மேல் என்று நம்பியவர். ஆனாலும் ஊர் பேசும் மொழியில் நோயைப் பேசினால்தான் வைத்தியம் ஊருக்குள் இறங்கும் என்பதை அவர் விளங்கிக்கொண்டார். 1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டு ஆங்கிலமே வைத்தியத்தின் மொழியானபின் அந்த வழி தூர்ந்தது. பரராசசேகரம், செகராசசேகரம் ஆகிய பெயர்களில் யாழ்ப்பாண அரசர் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் வைத்திய நூல்களும், ஏட்டோடு போகாமல் அவற்றை அச்சேற்றிய ஏழாலை ஐ. பொன்னையா போன்றோரின் உழைப்பும் ஒரு கரையில் நின்றன. ஆஸ்பத்திரி மறுகரையில் வளர்ந்தது.

சட்டமும் இந்தப் பிரிவை அப்படியே பதிந்துவைத்திருக்கிறது. மேனாட்டு வைத்தியருக்கு இலங்கை மருத்துவ சபை. சித்தம், ஆயுர்வேதம், யுனானி, பரம்பரை வைத்தியம் எல்லாவற்றுக்கும் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம். யாழ். பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது, சித்த மருத்துவப் படிப்பு 1984இல். சித்த மாணவர் கைதடியில் படிக்கிறார்கள், மற்றவர்கள் யாழ். போதனா வைத்தியசாலையில். பல்கலைக்கழகம் ஒன்று, வெளியே காத்திருக்கும் நோயாளிகளும் ஏறக்குறைய ஒரே ஆட்கள். கிளினிக் கொப்பி மட்டும் ஒன்றல்ல.

சேர்த்துச் செய்வது வேறு, ஒன்றை விட்டு மற்றதைப் பிடிப்பது வேறு. இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நாட்பட்ட மூட்டு உளைவுக்கு வலிக்குளிசையைக் குறைத்து எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுப்பது சேர்த்துச் செய்வது. முதுமையில் வலிக்குளிசை சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் செய்யும் கெடுதியை நினைத்தால், பல சமயம் அது நல்ல வழியும்கூட. கை முறிந்த பிள்ளையை எக்ஸ்றே எடுக்காமல் முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோவது அப்படியல்ல. கட்டு இறுகி விரல் நீலம்பாரித்தாலும், விறைத்து உணர்வு போனாலும், இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது என்று பொருள். அங்கே மணிக்கணக்கு முக்கியம். நல்ல பரியாரிமார் பலர் இப்போது படம் பார்த்துத்தான் கை வைக்கிறார்கள். இந்த வழக்கத்தை யாரும் சட்டம் போட்டுக் கொண்டுவரவில்லை.

சேர்த்துச் செய்வதிலும் கணக்கு இருக்கிறது. மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை என்ற பேச்சு பாதி உண்மைகூட இல்லை. வேலை செய்யும் மருந்து எதுவும் வேறு வேலையும் செய்யும். இருமலுக்கு நாம் சாதாரணமாகச் சேர்க்கும் அதிமதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்கணக்கில், அளவு கூடக் குடித்தால் அது உடலில் உப்பையும் நீரையும் தங்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும். இரத்த அழுத்தம் ஏறும். ஏற்கெனவே பிரஷருக்கு நீர்க்குளிசை எடுப்பவருக்குப் பொட்டாசியம் குறைந்தபடி இருக்கும். இரண்டும் சேர்ந்தால் தசை சோரும், இதயத் துடிப்பு தடுமாறும். கிளினிக் டொக்டரோ குளிசை போதவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டுவார். அவர்மீது பிழை சொல்ல முடியாது. இருமல் குடிநீர் கொப்பியில் இல்லையே.

பாகற்காயும் அப்படித்தான். கறி குளிசையோடு சேர்ந்து வேலை செய்வதை 1979இலேயே லான்செட் இதழில் வந்த ஒரு சிறு கடிதம் காட்டியது. பாகற்காய்க் கறி சாப்பிட்ட நாட்களில் ஒரு பெண்ணின் நீரிழிவு, குளிசைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக அடங்கியது. வாரத்தில் இரண்டு நாள் கறி வைப்பதைப் பற்றி யாரும் பயப்படத் தேவையில்லை. காலையில் வெறுவயிற்றில் ஒரு கப் சாறு குடித்து, அதன்மேல் கிளிக்ளசைட் குளிசையும் போட்டு, சந்நிதி விரதம் என்று பகல் முழுக்கச் சாப்பிடாமலும் இருந்தால் சீனி விழுந்து மயக்கம் வரும். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்கள் உள்ளி, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றைச் சமையலில் பயன்படுத்தலாம், ஆனால் மருந்தளவில் உட்கொள்ளுமுன் கேட்க வேண்டும். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் தாங்கள் குடிக்கும் எல்லாவற்றையும் மயக்கமருந்து வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இதைவிடக் கடினமான இடம் புற்றுநோய். தெல்லிப்பழையில் புற்றுநோய்க்கான வைத்தியசாலை வந்தபிறகு வடமராட்சியாருக்குக் கொழும்புப் பயணம் குறைந்தது; தயக்கம் அவ்வளவாகக் குறையவில்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே கைகொடுக்கும். வழக்கமான சிகிச்சையில் ஒன்றையாவது எடுத்துக்கொண்டு, கூடவே மாற்று வைத்தியமும் செய்த 258 பேரை, அப்படிச் செய்யாதவர்களோடு ஒப்பிட்டார்கள். சேர்த்துச் செய்தவர்களுக்கு இறப்பு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. மூலிகை கொன்றது என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். அவர்களில் 34 சதவீதமானோர் கீமோவை மறுத்திருந்தார்கள். மற்றவர்களில் அப்படி மறுத்தோர் 3 சதவீதமே. மறுத்ததையும் தாமதித்ததையும் கணக்கில் எடுத்தபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆபத்து மற்ற வைத்தியம் தரும் நம்பிக்கையில் முதல் வைத்தியத்தைத் தள்ளிப்போடுவதில் இருக்கிறது. கீமோவின் வாந்திக்கு இஞ்சி உதவுமா, உறக்கத்துக்கு மூச்சுப்பயிற்சி உதவுமா என்பதெல்லாம் நியாயமான கேள்விகள். தெல்லிப்பழைக் கதிரையில் உட்கார்ந்தபடி கேட்க வேண்டிய கேள்விகள்.

பாம்புக்கடியில் இந்தத் தள்ளிப்போடலுக்கு நேரமே இல்லை. புடையன் கடித்தால் இரத்தம் உறையும் தன்மை போகும்; கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று ஆஸ்பத்திரியில் பார்ப்பது இதனால்தான். கட்டுவிரியன் இரவில் படுக்கையில் கடிக்கும், பெரும்பாலும் வலி இராது, விடியுமுன் மூச்சு அடங்கலாம். இதற்கு நஞ்சுமுறி ஊசியும் மூச்சு இயந்திரமும் தவிர வேறு வழியில்லை. விஷகடி வைத்தியரிடம் முதலில் போவதை நிறுத்தச் சொல்வதைவிட, வந்தவரை உடனே வாகனத்தில் ஏற்றும் ஆளாக அவரை மாற்றுவது நடைமுறைக்கு ஒத்தது. ஊர் அவர் சொல்லைக் கேட்கும்.

தரத்தைப் பற்றியும் மழுப்பாமல் பேச வேண்டும். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பொஸ்ரன் நகரத்துத் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆசனிக்கு ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. சித்தர் வழியில் இரசமும் கந்தகமும் முறைப்படி சுத்தி செய்யப்படுகின்றன என்பது பதில். அந்தப் பதில் உண்மையானால், ஒவ்வொரு தொகுதி மருந்தையும் ஆய்வுகூடத்தில் காட்டி உறுதிசெய்வதில் தயக்கம் ஏன்? செடியிலும் ஆபத்து உண்டு. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில், உடல் மெலிய மூலிகை குடித்த பெண்களின் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோகியா கலந்துவிட்டிருந்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் அதே பேரினம்தான்.

மறுபக்கமும் உண்டு. சர்ப்பகந்தா என்ற மூலிகை இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை 1949இல் மும்பை வைத்தியர் ருஸ்தம் வக்கீல் எழுதியபின் உலக ஆஸ்பத்திரிகள் அதை ஏற்றன. கொத்தல ஹிம்புட்டு எனச் சிங்களத்தில் அழைக்கப்படும் கொடியின் தேநீரை இலங்கை வைத்தியர்களே 51 நீரிழிவு நோயாளிகளில், எது மருந்து எது போலி என்று இருசாராருக்கும் தெரியாதபடி சோதித்து, நல்ல பலன் கண்டு 2005இல் வெளியிட்டார்கள். 51 பேர் போதாது. ஆனால் வழி இதுதான். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒரு கொரோனாப் பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றதும், அதைக் குடித்த சுகாதார அமைச்சரே அடுத்த மாதம் தொற்றுக்குள்ளானதும் மற்ற வழி.

வடமாகாணத்தில் சுகாதாரமும் சுதேச மருத்துவமும் ஒரே அமைச்சின் விடயங்கள். புதிய கட்டடம் கேட்க வேண்டியதில்லை. மந்திகைக் கிளினிக் கொப்பியில் ஒரு பக்கம் போதும்: வேறு என்ன மருந்து, யார் தந்தது, எந்தத் திகதியிலிருந்து. தாதி அதை ஏசாமல் கேட்க வேண்டும். “வேற என்ன குடிக்கிறீங்கள் அம்மா?” என்று கேட்டால் அம்மா சொல்லுவா; “கண்டதையும் குடிச்சிட்டு வாறீங்களோ?” என்றால் அடுத்த முறையும் மறைப்பா. கைதடி மாணவருக்கு ஒரு மாதம் மந்திகை வார்டிலும், மருத்துவ பீட மாணவருக்குச் சில நாள் கைதடியிலும் பழக்கம் கிடைத்தால் அந்தப் பக்கத்தை இருவரும் வாசிக்கத் தெரிந்தவர்களாவார்கள். நோயாளி போத்தலையும் சூரணப் பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்டு வரட்டும். பரியாரியாரும் நாடி பார்த்த கையோடு கொப்பியைப் புரட்டி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் அளவு கடைசியாக எவ்வளவு என்று பார்த்துவிட்டு, அது கூடியிருந்தால் குடிநீரை நிறுத்தி நோயாளியை மந்திகைக்கு அனுப்பட்டும்.