பன்னிரண்டு மாதமும் சிகிச்சைதான்: முடி நட்டுக்கொண்டவர்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும், மாநிலமெங்கும் முடி மாற்று மையங்களை நடத்துகிற மருத்துவர்களுக்கும் உரிமையாளர்களுக்கும்:

நாங்கள் தலையில் முடி நட்டுக்கொண்டவர்கள். எங்களில் ஐ.டி. கம்பெனி ஊழியர் உண்டு, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் உண்டு, கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுப் போனவர் உண்டு, தீக்காயத் தழும்பின் மேல் நட்டுக்கொண்ட பெண்ணும் உண்டு. சிலருக்கு நன்றாக வளர்ந்திருக்கிறது, சிலருக்கு வளரவில்லை. இரு தரப்பும் சேர்ந்தேதான் இதை எழுதுகிறோம். ஏனென்றால், முடி வளர்ந்தவர்களும் வளராதவர்களும் அறுவைக்குப் பிந்தைய அந்த ஒரு வருஷத்தைக் கேட்க ஆளில்லாமல்தான் கழித்தோம்.

அறுவை ஒரு பகலில் முடிந்துவிடுகிறது. பலன் தெரிய ஒரு வருஷம் ஆகிறது. எங்களிடம் வாங்கும் பணம் அந்த ஒரு பகலுக்கு மட்டும்தான் என்று மையங்கள் நடந்துகொள்கின்றன. அந்த வருஷமும் சிகிச்சையின் பகுதிதான், அதற்கும் மருத்துவரே பொறுப்பு. எங்கள் கோரிக்கைகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

இதை எழுதுகிற எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அறுவை முடிந்து பத்தொன்பதாவது நாள். தலைக்குக் குளித்துவிட்டு வெள்ளைத் துண்டால் ஒற்றி எடுத்தேன். துண்டில் குட்டை குட்டையாக முடி, அரிசிக் கல் பொறுக்கினாற்போல் பொறுக்கலாம். நட்ட முடிதான். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாக ஒரு சிறு குமிழ். வேரோடு வந்துவிட்டது என்று நினைத்துக் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். போட்டோ எடுத்து, மையத்தில் கொடுத்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினேன். மறுநாள் மதியம் பதில் வந்தது: ‘நார்மல் சார்’. இரண்டே சொல். அனுப்பியவர் மருத்துவர் இல்லை, எனக்கு பேக்கேஜ் விற்ற கவுன்சலர்.

அவர் சொன்னது உண்மைதான், அது நார்மல்தான். நட்ட முடியின் தண்டு இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இடம் மாற்றிய அதிர்ச்சியில் மயிர்க்கால் ஓய்வுக்குப் போகிறது. தண்டு விழுந்தாலும் மயிர்க்கால் தோலுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளைக் குமிழ் உதிர்ந்த தண்டின் அடிமுனை, வேர் அல்ல. மூன்று நான்கு மாதம் ஒன்றுமே தெரியாது. பிறகு பூனைமுடி போல் மெலிதாக, சில இடத்தில் சுருண்டு, ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் வரும். ஆறாம் மாதத்தில் பாதியளவு தெரிந்தாலே நல்ல கணக்கு. முன்நெற்றிக்கு ஒரு வருஷம் ஆகும், உச்சிக்குச் சிலருக்கு ஒன்றரை வருஷம்கூட ஆகும். இத்தனையையும் நான் பிறகு தேடித் தேடித் தெரிந்துகொண்டேன். அட்வான்ஸ் வாங்கிய அன்றே இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும்.

ஆகவே முதல் கோரிக்கை: பணம் வாங்கும் முன்பே, நோயாளிக்குத் தெரிந்த மொழியில் மாதவாரியாக எழுதிய ஓர் அட்டை கொடுங்கள். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் நெற்றி வீங்கி, கண் இமைவரை நீர் இறங்கக்கூடும். பொருக்கு பத்து, பதினான்கு நாளில் உதிரும். முடி எடுத்த பிடரி சில வாரம், சிலருக்குச் சில மாதம், மரத்துக் கிடக்கும். பக்கத்திலிருந்த பழைய முடியும் கொஞ்சம் கொட்டும், அதில் பெரும்பகுதி திரும்பி வரும். மூன்றாம் மாதம்தான் பார்க்க மோசமாக இருக்கும் மாதம். இவையெல்லாம் அந்த அட்டையில் இருக்க வேண்டும். வேலையையும் வண்டியையும் மறக்க வேண்டாம். குறைந்தது இரண்டு வாரம் ஹெல்மெட் போடக்கூடாது என்று அறுவை மேசையிலிருந்து எழுந்த பிறகு சொன்னால், டூவீலரை நம்பிப் பிழைப்பவர் என்ன செய்வார்? எங்களில் ஒருவர் ஐந்தாம் நாளே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு டெலிவரிக்குப் போனார். முன்வரிசையில் ரத்தம் கசிந்தது. அவர் அலட்சியக்காரர் இல்லை, விடுப்பு இல்லாதவர். முன்பே சொல்லியிருந்தால் நாள் பார்த்துச் செய்திருப்பார்.

எது இயல்பு என்று சொல்வதோடு, எது ஆபத்து என்பதும் அதே அட்டையில் சிவப்பு எழுத்தில் இருக்க வேண்டும். நட்ட இடத்துத் தோல் கறுத்துப் போவது, சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, நிற்காத ரத்தக் கசிவு இவை எதுவும் ‘நார்மல் சார்’ அல்ல. ரத்த ஓட்டம் குறைந்து தோல் செத்துப்போவது அரிது. ஆனால் நேர்ந்தால் நேரம் முக்கியம். அதற்கு இரவிலும் எடுக்கிற ஒரு தொலைபேசி வேண்டும், மறுமுனையில் மருத்துவப் பயிற்சி உள்ளவர் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அறுவை செய்த மருத்துவரே எங்களைத் திரும்பப் பார்க்க வேண்டும். பத்தாம் நாள், முதல் மாதம், நான்காம் மாதம், எட்டாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று ஐந்து முறை கேட்கிறோம். கட்டணம் முதலிலேயே சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில், முடியை ஒரே மாதிரி வாரிப் படம் எடுத்து எங்களுக்கும் ஒரு பிரதி தர வேண்டும். கண்ணாடி முன்னால் தினம் நின்று பார்ப்பவனுக்கு வளர்ச்சி தெரியாது. நான்காம் மாதப் படத்தையும் எட்டாம் மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். அந்த இரண்டு படம் பல இரவுகளின் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

பிடரியைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும், அதிகம் ஏமாந்தது அங்கேதான். நடுவதற்கு முடி வெளியிலிருந்து வருவதில்லை. எங்கள் பின்தலையிலிருந்தே எடுக்கிறார்கள். எடுத்த துளையில் மறுபடி முளைப்பதில்லை. ஒருவருடைய பிடரியிலிருந்து வாழ்நாள் முழுக்கச் சேர்த்தே சுமார் ஆறாயிரம் ஏழாயிரம் கிராஃப்ட்தான், அதாவது சிறு முடிக்கொத்துகள்தான், பலருக்கும் எடுக்க முடியும். பிடரி அடர்த்தி குறைந்தவருக்கு இன்னும் கம்மி. அது ஒருமுறை எடுத்தால் திரும்பக் கட்ட முடியாத சேமிப்பு. அதை ஒரே நாளில் வழித்தெடுத்து, ‘ஐயாயிரம் கிராஃப்ட் ஆஃபர்’ என்று விற்கிறார்கள். முன்னால் முடி வந்தும், பின்னால் பூச்சி அரித்த கம்பளி மாதிரித் திட்டுத் திட்டாகத் தெரிகிற நண்பர் ஒருவர் எங்களோடு இருக்கிறார். சலூனில் பின்பக்கம் மெஷின் போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறார். அவருக்குச் சரிசெய்துகொள்ளவும் பிடரியில் மிச்சம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நட்ட முடி நிற்கும், நடாத முடி தன் போக்கில் கொட்டிக்கொண்டே போகும். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு நெற்றியைத் தாழ்த்திக் கோடு போட்டு நட்டுவிட்டால், முப்பத்தைந்தில் அந்தக் கோடு மட்டும் தீவாக நிற்கும், பின்னால் வெறும் தோல். ஆகவே ஒவ்வொருவருக்கும் பிடரியில் எத்தனை உண்டு, இன்று எத்தனை எடுக்கப்போகிறார்கள், எதிர்காலத்துக்கு எத்தனை விட்டுவைக்கிறார்கள் என்று அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும். வழுக்கை இன்னும் நிலைகொள்ளாத இளைஞர்களிடம் ‘இப்போது வேண்டாம், பொறு’ என்று சொல்லும் துணிவு மருத்துவருக்கு வேண்டும். அப்படிச் சொன்ன மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி.

அடுத்து மருந்து விஷயம். ஃபினாஸ்டிரைடும் மினாக்ஸிடிலும் எழுதிக் கொடுக்கிறார்கள். இருக்கிற முடியைக் காக்க அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் மினாக்ஸிடில் தொடங்கிய முதல் வாரங்களில் முடி கூடுதலாக உதிரலாம், நிறுத்தினால் பலனும் போய்விடும், ஃபினாஸ்டிரைடால் சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறையலாம், மனச்சோர்வு வரலாம் என்பதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். கல்யாணமான ஆறே மாதத்தில் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தவரை எங்களுக்குத் தெரியும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த ஃபினாஸ்டிரைடு மாத்திரையை அவர் தொடக்கூடாது என்பதும் பலருக்குச் சொல்லப்படவில்லை.

அறுவை நாளின் முழுப் பதிவையும் கேட்கிறோம். எத்தனை கிராஃப்ட் எடுத்தார்கள், எடுக்கும்போது எத்தனை வெட்டுப்பட்டன, எவ்வளவு நேரம் உடலுக்கு வெளியே இருந்தன, மரத்துப்போக வைக்கும் ஊசி மருந்து உடல் எடைக்கு எவ்வளவு போட்டார்கள், துளை போட்டது யார், நட்டது யார், அவர்களின் பெயரும் பதிவு எண்ணும் என்ன என்பதெல்லாம் அதில் வேண்டும். பன்னிரண்டாம் மாதத்தில் முடி வரவில்லை என்றால், ‘உங்கள் உடம்பு அப்படி’ என்று எங்கள் மேலேயே பழி போடுகிறார்கள். காரணம் உடம்பா, கைவேலையா, பிறகு கவனித்த விதமா என்று பார்க்க ஒரு தாளாவது வேண்டாமா?

இப்போது அரசிடம். 2016-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் ஒருவர் ஒரு மையத்துக்கு முடி மாற்றுச் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். மருத்துவம் படித்த பிள்ளைக்கே அந்த இடம் தகுதியற்றது என்று தெரியவில்லை. மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிலரங்கில் பார்த்தோ யூடியூபில் பார்த்தோ கற்றதை வைத்து இந்தச் சிகிச்சையைத் தொடங்கக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் 2018-ன் விதிகளும் நம் மாநிலத்தில் இருக்கின்றன. மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர்கள் இருக்கிறார்கள். புதுச் சட்டம் கேட்கவில்லை. இருப்பதை வைத்து, அழகு நிலையப் பலகைக்குப் பின்னால் அறுவை நடக்கும் இடங்களுக்கு முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பாருங்கள். மருத்துவர் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போக, டெக்னீஷியனே முழுவதும் செய்கிற இடங்களை மூடுங்கள்.

விளம்பரங்களையும் பாருங்கள். வழுக்கையைக் குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விற்கக்கூடாது என்று மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை சொல்கிறது. அறுவை விளம்பரத்தில் மட்டும் ‘நூறு சதவீத உத்தரவாதம்’ எப்படி ஓடுகிறது? முன், பின் படங்களில் எத்தனையாவது மாதம், எத்தனை கிராஃப்ட் என்று குறிப்பிடாத விளம்பரத்தைத் தடை செய்ய வேண்டும்.

பன்னிரண்டு மாதம் பொறுத்தும் பலன் இல்லாதவருக்கு, அந்த மையத்தோடு தொடர்பில்லாத அரசு மருத்துவக் கல்லூரித் தோல் நோய்ப் பிரிவில் பரிசோதித்து எழுத்தில் கருத்துச் சொல்ல ஒரு நாள் ஒதுக்குங்கள். மாதம் ஒரு நாள் போதும். பணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் தவறை நிரூபிக்கப் பெரும்பாலும் நிபுணர் கருத்து வேண்டியிருக்கிறது. அதை எழுதித் தர யாரும் முன்வருவதில்லை. எங்களில் பெரும்பாலோரின் அறுவைக்குக் காப்பீடு கிடையாது, மற்ற மருத்துவச் சேவைக்கு உள்ள ஜி.எஸ்.டி. விலக்கும் கிடையாது. வரி வாங்குகிற அரசிடம் இந்த ஒரு நாளைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

அழகுக்காகச் செய்துகொண்டவர்களுக்கு எதற்கு இவ்வளவு என்று சிலர் கேட்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் தலையைப் பார்த்துச் சிரித்ததைக் கேட்டவர்கள் நாங்கள். நகையை அடகு வைத்துப் போனவர் உண்டு, இன்னும் இ.எம்.ஐ. கட்டுகிறவர் உண்டு. எந்தக் காரணத்துக்காகப் படுத்தாலும், மேசை மேல் கிடப்பது நோயாளிதான்.

அந்த மாதவாரி அட்டையை நாங்களே தமிழில் எழுதி இந்தச் சாசனத்தோடு இணைத்திருக்கிறோம். மருத்துவர்கள் திருத்திக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறோம். அட்டையின் கடைசி வரியில் இரண்டு இடம் காலியாக விட்டிருக்கிறோம். ஒன்று அறுவை செய்தவரின் பெயருக்கு, இன்னொன்று இரவில் அவர் எடுக்கிற தொலைபேசி எண்ணுக்கு. அந்த இரண்டையும் உங்கள் கையால் நிரப்பிக் கொடுங்கள்.