பனி கரையும் காலமும் தீவகத்தின் தாகமும்

சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் பங்குனி, சித்திரை என்பன பனி கரையும் மாதங்கள். அங்கு வாழும் எமது தீவக மக்கள் வசந்தத்தை வரவேற்கும் அதே நாள்களில், அவர்களது சொந்த ஊர்களில் கிணறுகளின் நீர்மட்டம் கீழிறங்கத் தொடங்குகின்றது. மாரியில் எமது நீரேரிகளை நாடி வந்த வலசைப் பறவைகள், பனி விலகும் வடபுலங்களை நோக்கித் திரும்புவதும் இக்காலத்திலேதான். ஆனால் பனிக்கும் தீவகத்துக்கும் உள்ள தொடர்பு பறவைகளுடன் முடிந்துவிடுவதில்லை.

வசந்தத்தில் பனி உருகுவது இயற்கையின் நியதி. உருகியது மாரியில் மீண்டும் உறையாது போவதே இன்றைய கவலை. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தமது கனவளவில் ஏறத்தாழ 10 சதவீதத்தை இழந்தன. ஐக்கிய நாடுகள் சபை 2025ஆம் ஆண்டைப் பனியாறுகளைப் பாதுகாப்பதற்கான சர்வதேச ஆண்டாகப் பிரகடனப்படுத்தியமைக்கு இத்தகைய இழப்புகளே காரணம். நிலத்திலிருந்து உருகும் பனி இறுதியில் கடலையே சேருகின்றது. கடல் வெப்பமடைந்து விரிவதும் சேர, 1901க்கும் 2018க்கும் இடையில் உலகின் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது.

நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் ஆறுகள் இல்லை. வடகீழ்ப் பருவமழை சுண்ணக்கற் பாறைகளுக்குள் இறங்கி, கனமான உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்பதே அங்குள்ள நன்னீர். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக் கணிப்பு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி பறிபோகும் என்பதே இதன் மறுபக்கம். உயரும் கடல் தாழ்நிலங்களை விழுங்கும்போது இந்த வில்லையும் சுருங்கும்.

எனினும் இன்றைய உவர்ப்புக்கெல்லாம் தொலைதூரப் பனியாறுகள் மீது பழிபோடுவது நேர்மையாகாது. இயந்திரங்களால் அளவுக்கு மீறி நீர் இறைத்தோம். கேணிகளையும் குளங்களையும் தூர்ந்துபோக விட்டோம். மழைநீரைத் தாங்கி நிற்கும் மண்கும்பான், அல்லைப்பிட்டி மணற்பரப்புகளில் மண் அகழப்படுவதைப் பார்த்திருந்தோம். கடல் வெளியே நின்று செய்யும் வேலையை நாம் உள்ளே நின்று செய்திருக்கிறோம்.

இதன் சுமை எவர் தலையில் விழுகின்றது? பவுசர் வரும் நேரத்தைக் கணித்துக் குடங்களுடன் காத்திருக்கும் பெண்கள் மீது. பாடசாலைக்குப் போகுமுன் நீரெடுக்க ஓடும் சிறார் மீது. நெடுந்தீவின் கால்நடைகளும் கட்டாக்காலிக் குதிரைகளும் வற்றிய குளங்களின் சேற்றைத்தான் நாடவேண்டியுள்ளது. ஆனி மாதத்தில் நயினை நாகபூசணி அம்மன் உற்சவத்துக்கு ஆயிரக்கணக்கானோர் கூடுவதும் கோடையின் நடுவிலேயே என்பதை மறந்துவிடலாகாது.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆவணியில் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரை வழங்கும் கொள்ளளவு அதற்குண்டு. வரவேற்கத்தக்கதே. ஆயினும் குறிகட்டுவானிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய தீவுகளுக்குக் குழாய்வழி நீர் எட்டுவது எளிதன்று. குழாய்நீர் கிடைத்தாலும், தோட்டத்துக்கும் பனைக்கும் மாட்டுக்கும் மழைநீரே கதி.

ஆகவே அடுத்த மாரிக்கு முன்னர் குளங்களும் கேணிகளும் தூர்வாரப்பட வேண்டும். வீடுகள், ஆலயங்கள், பாடசாலைகள் தோறும் மழைநீர்த் தொட்டிகள் அமைய வேண்டும். கிணறுகளின் உவர்த்தன்மையைப் பிரதேச சபைகள் காலந்தோறும் அளந்து மக்களுக்கு அறியத்தர வேண்டும். மணல் அகழ்வுக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட வேண்டும். கோயில் கோபுரங்களுக்குத் தாராளமாக உதவும் புலம்பெயர் உறவுகள், தம் ஊர்க் குளமொன்றையும் நினைவிற் கொள்ளட்டும்.

ஆல்ப்ஸ் மலையின் பனியை நாம் தடுத்து நிறுத்த முடியாது. ஆனால் எம் முற்றத்தில் விழும் மழையைத் தடுத்துச் சேமிக்க முடியும். அதையும் செய்யத் தவறினால், கடல் வந்து சேருமுன்னரே தீவகத்தை விட்டு மக்கள் வெளியேறிவிடுவர்.