சொல்லுக்குக் குலம் தேடும் வித்தகர்கள்

காவேரிப்பாக்கத்தில் காவேரி ஓடவில்லை. அவ்வூரின் பெரிய ஏரிக்குத் தண்ணீர் தருவது பாலாறு. காதில் விழுகிற ஒலியை மட்டும் நம்பிப் பெயருக்குப் பொருள் சொல்லப் புகுந்தால் ஆறே மாறிப் போகும். ஆனாலும் நம் வேர்ச்சொல் வித்தகர்களுக்குக் காது ஒன்றே போதுமானதாயிருக்கிறது.

அங்கிருந்து மேற்கே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று போனால், பல்லாயிரம் குடும்பங்களுக்குத் தோலும் செருப்பும்தான் சோறு போடுகின்றன. இந்தச் 'செருப்பு' என்ற சொல் எங்கிருந்து வந்தது? 'செரு என்றால் போர்; போர்வீரன் அணிந்தது செருப்பு' என்று ஒரு நொடியில் விடை தயாரித்து விடலாம். சபையும் கைதட்டும். ஆனால் பக்கத்து மொழிக்காரரை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கன்னடத்தில் அது 'கெர', 'கெரவு'. நமது செவி அங்கே கிவி. நமது சேரி அங்கே கேரி. இப்படிப் பல சொற்களில் பழைய ககரம் தமிழில் சகரமாயிற்று என்பது மொழிநூலார் கண்ட விதி. ஆகவே செருப்பின் மூலவடிவம் 'கெர்ப்பு' என்பது போல இருந்திருக்கலாம். செருவுக்கும் அப்படியொரு ககர வடிவைக் காட்டி, போருக்கும் காலணிக்கும் உள்ள உறவையும் காட்டிய பிறகல்லவா சம்பந்தம் பேச வேண்டும்?

ஊகித்து அமைத்த சொல்லின் தலையில் மொழிநூலார் ஒரு நட்சத்திரக் குறி இடுவார்கள். அது கிரீடமல்ல; 'இதை ஏட்டிலும் கல்லிலும் கண்டதில்லை' என்ற ஒப்புதல். 1961-ல் பரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இன்னும் அடக்கமானது. உறவுச் சொற்களை வரிசைப்படுத்தியதோடு நின்றுகொண்டது. மூலவடிவங்களை அமைத்துத் தரவில்லை. ஐரோப்பாவில், கால்சட்டைக்கான பழஞ்சொல்லைக் கெல்டியர் ஜெர்மானியருக்குக் கொடுத்தார்களா, அவர்களிடமிருந்து வாங்கினார்களா என்று அறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள். அதனால் எவருடைய மானமும் போய்விடவில்லை.

நமக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்? பெண் பார்க்கப் போகும்போது குலம் கோத்திரம் விசாரிக்கிற புத்தி சொல்லைக்கூட விடவில்லை. செருப்புக்குப் போர்க்களத்தில் பிறப்புச் சொன்னால் பெருமையெல்லாம் அணிந்தவனுக்குப் போகிறது. ஊருக்கு வெளியே உட்கார்ந்து தோலை ஊறவைத்து, அறுத்து, தைத்தவனுக்கு ஒன்றுமில்லை. அவனைச் சேரியில் வைத்தோம். அவன் செய்த பொருளைப் 'பாதரட்சை' என்று சொல்லி நாக்கைக் கழுவிக்கொண்டோம்.

ஒரு சொல்லின் வேர் ஓர் எல்லைக்கு மேல் தெரியவில்லையென்றால், தெரியவில்லை என்றே எழுதுவோம். தகப்பன் பெயர் தெரியாத சொல்லுக்கு இரவல் அரசனைத் தகப்பனாக்குவது ஆராய்ச்சியல்ல; அதை உருவாக்கிய கைகளுக்குச் செய்யும் அவமரியாதை.