ஜெர்மன் வெறும் விசாவுக்கான மொழியா?

1712க்கும் 1714க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், தரங்கம்பாடியைச் சுற்றி வாழ்ந்த தமிழர்கள் பலர் நீண்ட கடிதங்கள் எழுதினார்கள். அங்கே சமயப் பணிக்கு வந்திருந்த ஜெர்மானியர்களான சீகன்பால்கும் கிரூண்ட்லரும் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் அவை. கடவுள், சடங்கு, திருமணம், கல்வி என்று பலவற்றையும் விளக்கியவர்கள், ஐரோப்பியர்களின் நடத்தை தங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதையும் கூச்சமில்லாமல் சொன்னார்கள். அந்தக் கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சேறின. மொத்தம் 99. தமிழ் மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரை மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அந்தப் பதிப்பிலேயே வாசித்தறிய விரும்புகிறவர், இன்று ஜெர்மன் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஜெர்மன் படிப்பவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. நகரங்களில் ஏ1, பி1, பி2 என்று மொழித்திறன் நிலைகளைச் சொல்லி விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்கள் பெருகிவிட்டன. 2023–24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் பயின்ற இந்திய மாணவர்களின் எண்ணிக்கை 49,000ஐத் தாண்டியது; அது சீன மாணவர்களின் எண்ணிக்கையைவிட அதிகம். திறன்பெற்ற இந்தியத் தொழிலாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது. செவிலியராக அங்கே அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 நிலை வேண்டும். வீட்டு நகையை அடகு வைத்துப் பயிற்சிக் கட்டணம் கட்டும் குடும்பங்களுக்கு இந்தச் சான்றிதழ் வாழ்வா சாவா என்பதற்குச் சமம். அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பயிற்சி மையங்களும் தங்கள் வேலையைச் செய்கின்றன.

செய்யாமல் இருப்பது பல்கலைக்கழகங்கள்தான். உயர்கல்வியில் ஜெர்மனுக்கு நாம் கொடுத்திருக்கும் இடம், பெரும்பாலும் ஒரு விருப்பப் பாடம், ஒரு சான்றிதழ்ப் படிப்பு, மணிக்கணக்கில் சம்பளம் பெறும் ஓர் ஆசிரியர் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. பயிற்சி மையம் சொல்லிக்கொடுப்பதையே கல்லூரியும் இன்னொரு முறை சொல்லிக்கொடுப்பதில் யாருக்கு என்ன பயன்? அந்த மொழியைப் பேசும் சமூகத்தின் இலக்கியத்தை, வரலாற்றை, அது தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்விகளைக் கற்பிக்கும் முழுமையான துறைகள் நமக்கு வேண்டும். அவை தமிழ் வழியாகச் சிந்திக்கும் துறைகளாகவும் இருக்க வேண்டும்.

தமிழ் வழி என்பதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. ஜெர்மனில் துணைவாக்கியத்தின் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலப் பாடநூல் வழியே வரும் மாணவர் இங்கேதான் மிரண்டு நிற்கிறார். தமிழில் வினை இயல்பாகவே கடைசியில் வருவதை எடுத்துக்காட்டினால் பாதி பயம் தெளிந்துவிடும். ‘டூ’ என்றால் நீ, ‘ஸீ’ என்றால் நீங்கள். இந்த வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. நமக்கோ அது பிறந்தது முதல் பழக்கம். ஆனால் நாம் வயதையும் உறவையும் பார்த்து ஒருவரை ‘நீங்கள்’ என்போம். அங்கே அலுவலகத்தில் ‘இனி டூ என்றே பேசிக்கொள்ளலாமே’ என்று பெரும்பாலும் மூத்தவர்தான் முன்வந்து சொல்வார். அதுவரை காத்திருப்பது மரியாதை. இலக்கணத்துக்கும் சமூகத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த நுட்பத்தை ஒரு தேர்வுத் தாளில் மதிப்பெண்ணாக அளக்க முடியாது.

பண்பாட்டை விட்டுவிட்டு மொழியை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன இழக்கிறோம் என்பதற்கு ஜெர்மனியே கண்கூடான சாட்சி. டிரெஸ்டன் நகரில் பேராசிரியராக இருந்த விக்டர் கிளெம்பரர், யூதராகப் பிறந்ததால் 1935இல் பதவியை இழந்தார். பிழைத்திருப்பதே நிச்சயமில்லாத அந்த ஆண்டுகளில், நாஜிகளின் கையில் சொற்கள் எப்படித் திரிகின்றன என்று அவர் நாட்குறிப்பில் குறித்துக்கொண்டே வந்தார். ‘வெறி’ என்பதைக் குறித்த சொல் பாராட்டுச் சொல்லாக மாறியதை அவர் கவனித்தார். அந்தக் குறிப்புகளிலிருந்து உருவான நூல் 1947இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1933 மே 10 அன்று, பெர்லினிலும் பிற பல்கலைக்கழக நகரங்களிலும் புத்தகங்களைத் தீயில் போட்டவர்களில் முன்னின்றவர்கள் மாணவர்கள். மொழியை நன்றாகக் கற்றவர்கள்தாம் அவர்களும்.

அதே நாட்டில் இன்று தெருவில் நடக்கிறவர் காலடியில் பித்தளைத் தகடு பதித்த உள்ளங்கை அகலக் கற்களைக் காண்கிறார். நாஜிகளால் துரத்தப்பட்ட, கொல்லப்பட்ட ஒருவரின் பெயர், அவர் தாமாக விரும்பி வாழ்ந்த கடைசி வீட்டின் வாசலில் பதிக்கப்பட்டிருக்கிறது. குண்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய இந்தப் பணியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. பி2 முடித்துவிட்டுப் போகும் நம் பிள்ளை அந்தக் கல்லிலுள்ள எழுத்தை வாசித்துவிடுவார். அதன் முன் ஒருவர் ஏன் தலைகுனிந்து நிற்கிறார் என்பது புரிய வேண்டாமா? வேலைக்குப் போகிறவருக்கும் இந்த அறிவு தேவை. தான் குடியேறும் ஊரின் காயங்களை அறியாதவர் அங்கே எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் விருந்தாளியாகவே இருந்துவிடுவார்.

‘இப்படி ஒரு துறையில் யார் சேருவார்கள்?’ என்று கேட்கலாம். இதே கேள்வியை ஜெர்மனியில் தமிழைப் பற்றியும் கேட்டார்கள். கொலோன் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வி நின்றுபோகும் நிலை வந்தபோது நாம் துடித்தோம். தமிழக அரசு நிதி ஒதுக்கியது. அயலகத் தமிழர்கள் கைகொடுத்தார்கள். சரியான காரியம். மாணவர் எண்ணிக்கையையும் வேலைவாய்ப்பையும் மட்டும் வைத்து ஒரு மொழியை எடைபோடாதீர்கள் என்பதே அன்று நாம் வைத்த வாதம். அந்த வாதம் நேர்மையானது என்றால் இங்கும் செல்ல வேண்டும். திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்து 1856இல் லைப்சிக்கில் வெளியிட்ட கார்ல் கிரவுல், எந்த வேலைக்கான சான்றிதழுக்காகவும் தமிழ் கற்கவில்லை.

மாணவர் கிடைப்பதும் நாம் அஞ்சும் அளவுக்குக் கடினமில்லை. பி1, பி2 முடித்தவர்கள் ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். எல்லோரும் விமானம் ஏறிவிடுவதில்லை. அவர்களுக்கு மேலே ஏறப் படி இல்லை என்பதுதான் சிக்கல். ஜெர்மன் இலக்கியம் தமிழுக்கு வரும்போது பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வருகிறது என்ற நீண்ட நாள் குறையும் இவர்களால் தீரும்.

தமிழக அரசு முதலில் இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களிலாவது முதுகலை வரை செல்லும் ஜெர்மன் துறையைத் தொடங்க வேண்டும். நிரந்தரப் பணியிடங்கள் இல்லாமல் அது பெயர்ப்பலகையாகவே நின்றுவிடும். செவிலியர், பொறியியல் கல்லூரிகளில் ஜெர்மனி செல்ல விரும்புவோருக்கு அந்நாட்டின் வரலாறும் சமூகமும் தொழிலாளர் உரிமைகளும் ஒரு பருவப் பாடமாக வேண்டும். தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் புதிய துறையோடு சேர்ந்து, பழைய ஜெர்மன் அச்செழுத்தையும் கையெழுத்தையும் படிக்கப் பழக்க வேண்டும். ஏனென்றால் ஹாலேயில் இருப்பவை அந்த 99 கடிதங்கள் மட்டுமல்ல. பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சைச் சீமையைப் பற்றிப் பாதிரிமார் எழுதி அனுப்பிய அறிக்கைகளும் நாட்குறிப்புகளும் கட்டுக் கட்டாக அங்கே இருக்கின்றன.